யார் செலவில் மலிவு?



சாமையும் மரவள்ளியும் பயிரிட்டுப் பிழைக்கும் தீர்த்தமலைக்காரருக்கு ஆகாய விமானத்தின் எண்ணெயைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலை உண்டு. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு விமானங்களாலும் கப்பல்களாலும் வருகிறது. அதனால் பூமி சூடேறி, மழை பருவம் தவறுமாயின், விமானத்தில் ஏறியே பாராத மானாவாரிக் குடியானவன்தான் முதலில் கஷ்டப்படுவான்.

மாற்று எரிபொருள் இல்லாமலில்லை. பொரித்து மீந்த சமையல் எண்ணெயிலிருந்தும் விமான எண்ணெய் செய்கிறார்கள். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில், நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் சிறு நிலையம் திறக்கப்பட்டது. கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் நிலையத்துக்கும் அப்போதே அடிக்கல் நாட்டினார்கள். தடையாக நிற்பது விலை. புதுவகை விமான எண்ணெய் பழையதைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு விலையாகிறது. ஆகவே அரசாங்கம் தலையிட்டாலன்றி வாங்குவார் இல்லை. நமது நாடு வெளிநாடு செல்லும் விமானங்களில் 2027-ல் 1 சதவீதம், 2028-ல் 2 சதவீதம், 2030-ல் 5 சதவீதம் கலக்க வேண்டுமென்று குறி வைத்திருக்கிறது. வாங்குவோர் நிச்சயமானால் ஆலைகள் பெருகும். ஆலைகள் பெருகினால் விலை இறங்கும் என்பது கணக்கு.

நல்லது. ஆனால் விலை இறங்கும்வரை அந்த வித்தியாசத்தை யாராவது கொடுத்தாக வேண்டுமே! யார் கொடுப்பது நியாயம்?

பொதுப்பணத்திலிருந்து கொடுக்கலாம் என்பர் சிலர். பொதுப்பணமென்பது சோப்புக்கட்டி வாங்கும் கூலிக்காரியின் வரியும் சேர்ந்தது. அவள் பணத்தில் இன்னொருவருடைய விமானப் பயணத்தை மலிவாக்குவது நீதியாகாது. கப்பலின் காரியம் சற்று வேறு. நாம் வயலுக்கு இடும் உரமும், தாளிக்கும் பாமாயிலும் கப்பலில் வருகின்றன. அதன் பலன் எல்லாருக்கும் உண்டாதலால், துறைமுகத்தில் முதல் வசதிகளைச் செய்யப் பொதுப்பணம் உதவுவதில் தவறில்லை.

அப்படியானால் விமானத்தில் செல்வோர் அனைவரும் சமமாகக் கொடுக்கட்டும் என்பீர்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கடன் வாங்கி வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போகிறவனும் அதே விமானத்தில்தான் போகிறான். சிங்கப்பூர் அரசு 2025 நவம்பரில் அறிவித்த திட்டத்தைப் பாருங்கள்: தூரத்துக்கேற்பக் கட்டணம், பிஸினஸ் வகுப்பிலும் முதல் வகுப்பிலும் செல்வோருக்குச் சாதாரண வகுப்பைப் போல் நான்கு மடங்கு. அதிக இடமும் அதிக வசதியும் அனுபவிக்கிறவர் அதிகம் கொடுக்கிறார். நமது நாட்டுக்கும் இது தகுந்த வழியே.

பணம் மட்டுமல்ல, நிலமும் செலவாகிறது. 2018 ஆகஸ்டு 27-ல் டேராடூனிலிருந்து டில்லிக்கு ஒரு விமானம் காட்டாமணக்கு எண்ணெயில் செய்த எரிபொருளைக் கலந்து பறந்ததைப் பலரும் புகழ்ந்தனர். அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே, அண்டையிலுள்ள திருவண்ணாமலை ஜில்லாவிலும் கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் வண்டி எண்ணெய்க்கென்று குடியானவர்கள் காட்டாமணக்கு நட்டார்கள். நீரில்லாமலே காய்க்கும் என்றார்கள்; காய்க்கவில்லை. நட்டவர்களில் பலர் அதைப் பிடுங்கிப் போட்டார்கள். உணவும் தீவனமும் தந்த நிலம் சில வருஷங்கள் வீணாயிற்று. நஷ்டம் யோசனை சொன்னவர்களுடையதல்ல, நட்டவர்களுடையது.

ஆதலால், புகையைக் குறைக்கும் சட்டம் வேண்டாமென்று நாம் சொல்லக் கூடாது. அது அவசியம் வேண்டும். ஆனால் அனுபவிக்கிறவன் தன் அனுபவத்துக்குத் தக்கபடி கொடுக்க வேண்டும். ஏழையின் வரியிலும் அவன் சோறு விளையும் நிலத்திலும் கை வைக்கலாகாது. உங்கள் பிள்ளைகள் வெளிநாடு போகும்போது டிக்கெட்டில் இதற்கென்று ஒரு சிறு தொகை கூடினால் முணுமுணுக்க வேண்டாம். காட்டாமணக்கைப் போன்ற இன்னொரு செடியை நட்டால் லாபமென்று யாராவது வந்தால், விளையாவிட்டால் நஷ்டம் யாருடையது என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.