மன்னித்தவர் கேட்டது

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2010ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் நடைபெற்ற ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி இங்கே எழுத முற்படுகிறோம். கிரிக்கெட்டின் விதிகளையே அரைகுறையாக அறிந்த நமக்கு இந்த ஆட்டத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஆட்டம் அல்ல, அது முடிந்தபின் எழுந்த வினாவே நம்மை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது.

பேஸ்பாலில் வெற்றி பெற, எதிரணியினரைச் சுற்றுக்கு மூவர் வீதம் ஒன்பது சுற்றுகளில் இருபத்தேழு முறை வெளியேற்ற வேண்டும். ஒருவர்கூட முதல் தளத்தை அடையாதபடி இருபத்தேழு பேரையும் வரிசையாக வெளியேற்றிவிட்டால், பந்தெறிபவர் 'நிறைவான ஆட்டம்' ஆடினார் என்பர். 1880இல் முதன்முதலாகப் பதிவான இந்த அருஞ்செயல், 2010 மே மாத முடிவு வரை இருபது முறையே நிகழ்ந்திருந்தது.

அன்று பந்தெறிந்தவர் வெனிசுவேலா நாட்டைச் சேர்ந்த அர்மாண்டோ கலாராகா. 2008இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்காகப் பதின்மூன்று ஆட்டங்களை வென்றவர்; மறு ஆண்டே ஆறு வெற்றி, பத்துத் தோல்வி என்று சரிந்தவர். 2010இன் தொடக்கத்தில் கீழ்நிலை அணியில் இருந்த அவரை மே மாதத்தில்தான் திரும்ப அழைத்தனர். அப்படிப்பட்டவர் அன்று கிளீவ்லாந்து அணியின் இருபத்தாறு பேரை வரிசையாக வெளியேற்றிவிட்டார்.

இருபத்தேழாவதாக வந்த ஜேசன் டொனால்ட் அடித்த பந்து தரையோடு சென்றது. மிகெல் கப்ரேரா அதை எடுத்து எறிய, கலாராகா முதல் தளத்துக்கு ஓடிச் சென்று, தளத்தை மிதித்தபடி பிடித்தார். டொனால்டின் கால் அதற்குப் பின்னரே தளத்தில் பட்டது. ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் இரு கைகளையும் விரித்து, ஓடிவந்தவர் தப்பினார் என்று தீர்ப்பளித்தார். அணியினர் கொதித்தனர். கலாராகாவோ ஒரு புன்னகை செய்துவிட்டு, மறுபடியும் பந்தெறியப் போனார். அடுத்தவரை வெளியேற்றினார், அணி 3-0 என்று வென்றது.

பின்னர்ப் படப்பதிவைப் பார்த்த ஜாய்ஸ், தாம் தவறிவிட்டதாகச் செய்தியாளர்களிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். ஓடியவர் வேகமாக வந்தார், பார்க்கும் கோணம் சரியில்லை என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பல ஆண்டுகள் அமர்ந்தவர்களுக்கு, 'ஆனால்' என்ற சொல் கலவாத அறிக்கை எவ்வளவு அரிது என்பது தெரியும். கலாராகாவிடம் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார், அவரும் மன்னித்தார். மறுநாள் ஆட்டத்தில், தம் அணியின் பெயர்ப்பட்டியலை நடுவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் கலாராகாதான். ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டார், அரங்கம் கைதட்டியது.

மறையுரைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்குமா? மன்னிப்பின் மாண்பைச் சொல்லி, இங்கேயே முடித்துவிடலாம். அப்படி முடிக்க நம் மனம் இடந்தரவில்லை.

ஏனெனில் தீர்ப்பு திருத்தப்படவில்லை. தலைமை ஆணையர் பட் செலிக் அதை மாற்ற மறுத்துவிட்டார். முடிந்த ஆட்டத்தின் ஒரு தீர்ப்பைத் திறந்தால் எல்லாவற்றையும் திறக்க நேரிடும் என்ற வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும், இந்தத் திருத்தத்தால் வெற்றி தோல்வி மாறப்போவதில்லை. டொனால்டின் கணக்கில் ஓர் அடி குறையும். அவருக்குப் பின் வந்தவருக்கு ஒரு தோல்வி நீங்கும். அவ்வளவுதான்.

கலாராகா 2012க்குப் பின் முதல்நிலை ஆட்டங்களில் ஆடவில்லை. மொத்தம் 26 வெற்றி, 34 தோல்வி. பத்து ஆண்டுகள் கழித்து, 2020இல், அந்த ஆட்டத்தை நிறைவான ஆட்டமாக ஏற்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டார். மன்னித்தவர் இப்படிக் கேட்கலாமா? கேட்டதால் அந்த மன்னிப்பு பொய்யாகிவிட்டதா?

இல்லை என்பதே நம் கருத்து. அவர் விட்டுக்கொடுத்தது ஜாய்ஸ் மீது கொள்ளக்கூடிய சினத்தை. அவரிடமிருந்து எதையும் திரும்பப் பெறும் உரிமையை. இருபத்தேழாமவர் தப்பவில்லை என்ற உண்மையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்க அது அவருடைய தனிச்சொத்தும் அல்ல. அதைக் கேட்பது ஜாய்ஸுக்கு எதிரானதும் அல்ல. ஜாய்ஸ் முதல் நாளே அறிக்கையிட்டதைத்தான் கலாராகா பதிவேட்டில் எழுதச் சொல்கிறார்.

இங்கே நாம் நம்மையும் சற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரு வீட்டாரிடையே சமாதானம் பேசப் போகும் குருக்களாகிய நாம், காயப்பட்டவரிடம் 'மன்னித்துவிட்டீர்கள் அல்லவா, இனி அதைப் பேசாதீர்கள்' என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! மன்னிப்பை அவர் தந்தார். அதோடு சேர்த்து வாய்மூடலையும் நாம் வாங்கிக்கொண்டோம். காயப்படுத்தியவருக்கு அது வசதியாக இருந்தது. விரைவாக வீடு திரும்ப நமக்கும் வசதியாக இருந்தது.

2014ஆம் ஆண்டு முதல் இத்தகைய தீர்ப்புகளைப் படப்பதிவின் துணையோடு அங்கேயே சரிபார்க்கும் முறை விரிவாக்கப்பட்டது. இனி வருபவர்களுக்கு அது உதவும். 2010 ஜூன் 2ஆம் நாளின் பதிவேட்டிலோ, ஜேசன் டொனால்ட் இன்னும் முதல் தளத்தில்தான் நிற்கிறார்.