தானே ஆறும் புண்ணும் காரணம் என்னும் கேள்வியும்

அடிக்கடி வந்து போகும் வாய்ப்புண் உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் சோற்றையும் பேச்சையும் சில நாட்களுக்கு முடக்கிப் போட்டுவிடும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருவதாகச் சொல்லப்படுகிறது. பெரும்பாலும் சிறுவயதிலோ பதின்பருவத்திலோ தொடங்கி, வயது ஏற ஏறக் குறைகிறது. இவ்வளவு பரவலாக இருந்தும், இது இன்னதால்தான் வருகிறது என்று மருத்துவத்தால் இன்றுவரை அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தச் சிறிய நோய் ஒரு பெரிய கேள்வியை எழுப்புகிறது. ஒன்றை மற்றொன்றின் காரணம் என்று எதை வைத்துச் சொல்வது? காரணம் தெரியாத நோய்க்குப் பெயர் வைப்பது அறிவாகுமா? காரணம் தெரியாமல் செய்யும் வைத்தியம் சரியான வைத்தியமாகுமா?

புண் வரும் விதத்தை முதலில் கூர்ந்து பார்க்க வேண்டும். தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே அந்த இடம் சுருக்கென்று எரியத் தொடங்கும். உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடிப்பக்கம் போன்ற, சவ்வு மெல்லியதாக உள்ள இடங்களில்தான் இது வரும். அந்த இடம் சிவக்கும், நடுவில் வெளிறும், பிறகு மேற்பரப்பு உரிந்து ஆழமில்லாத வட்டக் குழியாகும். குழியின் அடியில் மஞ்சள் கலந்த சாம்பல் நிறப் படலம். சுற்றிலும் செக்கச்சிவந்த வளையம். முதல் சில நாட்கள் புளிப்போ காரமோ பட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். பிறகு வலி தணிந்து, ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் தழும்பின்றி ஆறிவிடும். பத்தில் எட்டுப் பேருக்கு இந்தச் சிறுவகைதான், குறுக்களவு 10 மில்லிமீட்டருக்கு உட்பட்டது. சிலருக்கு அதைவிடப் பெரிதாகவும் ஆழமாகவும் வந்து, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இருந்து தழும்போடு ஆறும். இன்னும் சிலருக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் டசன் கணக்கில் பொடிப்பொடியாகக் கிளம்பி ஒன்றோடொன்று சேரும். மேலண்ணத்தின் கெட்டியான பகுதியிலும் பல்லை ஒட்டிய ஈறிலும் திரும்பத் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் ஹெர்பிஸ் கிருமியின் வேலை. அது வேறு நோய், தொற்றக்கூடியது. இந்த வாய்ப்புண் தொற்றாது.

தானே ஆறுவதுதான் இந்த நோயின் தலையாய இயல்பு. அறிவைக் குழப்புவதும் அதுவே. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் மருந்தைத் தேடுகிறார். உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம்தான். அந்த நேரத்தில் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சாப்பிட்டாலும், நெய் தடவினாலும், மருந்துக்கடையில் கொடுத்த பி-காம்ப்ளக்ஸ் மாத்திரையை விழுங்கினாலும் இரண்டு மூன்று நாளில் குணம் தெரியும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கீரை பயனற்றது என்பதல்ல இதன் பொருள். அது பயன்பட்டதா இல்லையா என்பதை இந்த ஒரு அனுபவத்தால் தீர்மானிக்க முடியாது என்பதே பொருள். பாட்டி சொன்னதென்று ஏற்பதும் பாட்டி வைத்தியமென்று தள்ளுவதும் இந்த இடத்தில் ஒரே அளவுக்கு ஆதாரமற்றவை.

‘உடம்புச் சூடு’ என்னும் விளக்கத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். புண் ஏன் வந்தது? சூட்டினால். சூடு இருப்பது எப்படித் தெரிந்தது? புண் வந்திருக்கிறதே! ஒன்றுக்கு மற்றொன்றே சான்றாக நிற்கும் இத்தகைய வாதத்தை, இந்தியத் தருக்க மரபான நியாய தரிசனம் அன்னியோன்னியாசிரயம் என்னும் குற்றமாக வைத்தது. நவீன மருத்துவமனைகளும் இதிலிருந்து முழுக்கத் தப்பிவிடவில்லை. பரிசோதனையில் எதுவும் அகப்படாதபோது ‘டென்ஷன்’ என்று சொல்லி அனுப்பும் பழக்கம் இருக்கிறது. மன அழுத்தத்துக்கும் வாய்ப்புண்ணுக்கும் தொடர்பு இருக்கக்கூடும். ஆனால் புண்ணையே அழுத்தத்துக்குச் சான்றாகக் காட்டும்போது அது சூட்டுக் கதையின் மறுபதிப்பாகிவிடுகிறது.

காரணத்தைக் கண்டறியும் வழியை நியாய மரபு மிக நுட்பமாக வகுத்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு நையாயிகர் விசுவநாத பஞ்சானனரின் பாஷாபரிச்சேதத்தில் அந்த வரையறை தெளிவாக இருக்கிறது. காரியத்துக்கு முன்னால் தவறாமல் இருப்பது காரணம். ஆனால் முன்னால் இருந்ததெல்லாம் காரணமாகாது. குடம் வனைய மண்ணைச் சுமந்து வந்த கழுதையும் அந்தக் குடத்துக்கு முன்னால் இருந்ததுதான். கழுதை இல்லாமலும் குடம் உண்டாகும் என்பதால் அது காரணப் பட்டியலிலிருந்து விலக்கப்படுகிறது. இப்படி விலக்கப்படுபவற்றை அன்னியதாசித்தம் என்பர். ஒன்று இருக்கும்போது மற்றது இருப்பதைக் காண்பது அன்வயம்; அது இல்லாதபோது மற்றதும் இல்லாமல் போவதைக் காண்பது வியதிரேகம். இரண்டும் சேர்ந்தால்தான் காரணத்தைப் பற்றிப் பேசலாம். வாய்ப்புண் விஷயத்தில் பலரும் அன்வயத்தோடு நின்றுவிடுகிறார்கள். தக்காளி சாப்பிட்டபின் வந்தது நினைவிருக்கும். தக்காளி சாப்பிட்டும் வராத நூறு நாட்கள் நினைவில் நிற்பதில்லை.

பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்ஃபேட்டைக் கொண்டு இதைப் பார்க்கலாம். அது வாயின் சவ்வை உறுத்திப் புண்ணைத் தூண்டலாம் என்ற ஐயம் உண்டு. ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் சிலருக்கு வித்தியாசம் தெரிகிறது. தனக்கு அது காரணமா என்று அறிய விரும்புபவர் அது இல்லாத பற்பசைக்குச் சில மாதங்கள் மாற வேண்டும், புண் வரும் நாட்களைக் குறித்துக்கொள்ள வேண்டும், பிறகு பழைய பற்பசைக்கே திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டு வாரச் சோதனை எதையும் காட்டாது. இந்த நோய் இயல்பாகவே அதைவிட நீண்ட இடைவெளி விடக்கூடியது.

புகையிலையின் கதை இன்னும் சிக்கலானது. புகைபிடிப்பவர்களுக்கு இந்த வாய்ப்புண் குறைவாகவே வருகிறது. புகையை விட்டவர்களில் சிலருக்குத் தொடக்க வாரங்களில் அதிகமாகிறது. அன்வயமும் வியதிரேகமும் இரண்டும் பொருந்துவதுபோல் தோன்றுகிறது. இதை வைத்துப் புகையை மருந்து என்று யாரேனும் சொன்னால், அதே வாயில் புற்றுநோயை வளர்ப்பதும் அந்தப் புகையே என்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். காரணத்தை அறிவது ஒன்று, எதைச் செய்யலாம் என்று முடிவெடுப்பது வேறொன்று.

இஸ்ரேலில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஒரு மருந்தாய்வு இந்த விவாதத்தின் நடுப்பகுதிக்கே கொண்டுபோகிறது. அடிக்கடி வாய்ப்புண் வரும் 58 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் தினமும் 1,000 மைக்ரோகிராம் வைட்டமின் பி12 நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளத் தரப்பட்டது. மற்றவர்களுக்குச் சத்தற்ற போலி மாத்திரை. கடைசி மாதத்தில் மருந்து எடுத்தவர்களில் 74 சதவீதம் பேருக்குப் புண்ணே வரவில்லை. போலி மாத்திரை எடுத்தவர்களில் அப்படி இருந்தவர்கள் 32 சதவீதம். பெரும்பாலோர் முதல் எண்ணைப் பார்த்து மகிழ்வர். இரண்டாவது எண்தான் அதிகம் கற்பிக்கிறது. ஒன்றுமில்லாத மாத்திரையை விழுங்கியவர்களில் மூன்றில் ஒருவர் அதையே தன் அருமருந்தாகக் கருதி ஊருக்குச் சொல்லியிருக்க முடியும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இரத்தத்தில் பி12 குறைவாக இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து பலன் மாறவில்லை. மருந்து வேலை செய்தது. ஆனால் அந்தச் சத்துக் குறைவே காரணம் என்று ஆகிவிடவில்லை. ஆயுர்வேதம் நோயை அறியும் ஐந்து வழிகளில் ஒன்றாக உபசயத்தை, அதாவது எதைக் கொடுத்தால் தணிகிறது என்று பார்ப்பதை, வைத்தது. பயனுள்ள வழிதான், எனினும் தணித்தது எது என்பதிலிருந்து உண்டாக்கியது எது என்பதற்குத் தாவும் பாதை நேரானதல்ல.

‘ஏன் வந்தது’ என்னும் ஒரே கேள்விக்குள் பல கேள்விகள் அடங்கியிருப்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். சைவ சித்தாந்தம் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என்று மூன்றாகப் பிரித்து, குடத்துக்கு மண்ணையும் திரிகையையும் குயவனையும் காட்டும். வாய்ப்புண்ணில் முதற்காரணத்தின் இடத்துக்கு அருகில் வருவது உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் தன் வாய்ச் சவ்வையே தாக்கும் இயல்பு. அது ஓரளவு பிறப்போடு வருகிறது. பலருக்குக் குடும்பத்திலும் இந்நோய் உண்டு. கன்னத்தைக் கடித்துக்கொள்வது, பல்துலக்கி குத்துவது, இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12உம் குறைவது ஆகியவை துணைக்காரணங்களின் வரிசையில் நிற்கும். மூன்றாவது இடம் வெறுமையாகவே இருக்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் முன்வினையையும் தெய்வக் குற்றத்தையும் கொண்டுவந்து வைக்கிறார்கள். சித்தாந்தம் இறைவனை நிமித்த காரணம் என்றது உலகின் தோற்றத்தைப் பற்றிப் பேசும்போது. வைத்தியரின் குறிப்பேட்டில் விடுபட்ட வரியை நிரப்புவதற்காக அன்று.

இந்த மயக்கத்துக்குப் புத்தர் தந்த பதில் சம்யுத்த நிகாயத்தில், சீவகன் என்னும் நாடோடித் துறவியோடு நடந்த உரையாடலாகப் பதிவாகியிருக்கிறது. மனிதன் அடையும் இன்பதுன்பம் யாவும் முன்வினைப் பயனே என்போரைப் பற்றிக் கேட்கப்பட்டபோது அவர் அதை மறுக்கிறார். பித்தம், சிலேத்துமம், வாதம், மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைப் பேணாமை, பிறர் தாக்குதல் என்று அடுக்கி, வினையை எட்டாவதாக வைக்கிறார். வினைக் கொள்கையை முழுமனதோடு ஏற்றவரே இப்படிச் சொன்னது முக்கியம். வலியில் இருப்பவரிடம் ‘நீ செய்ததன் பலன்’ என்பது விளக்கமும் ஆகாது, ஆறுதலும் ஆகாது. ஒரு புண்ணோடு இன்னொரு புண்ணைச் சேர்ப்பது அது.

இனி நோயைக் கணிக்கும் முறை. இந்த வாய்ப்புண்ணை இன்னதென்று நிறுவும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. மற்ற நோய்கள் இல்லை என்று காட்டியே இதற்கு வர வேண்டும். இரத்த அணுக்களின் எண்ணிக்கை, இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட் அளவுகள் பார்க்கப்படுகின்றன. வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் இருந்தால் கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயும் குடல் அழற்சியான கிரோன் நோயும் எண்ணத்துக்கு வர வேண்டும். தேவைப்பட்டால் எச்ஐவி சோதனை. நிக்கோராண்டில், மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளும் வாயைப் புண்ணாக்கும். ஏறத்தாழ 21 நாளுக்கொரு முறை காய்ச்சலோடு தவறாமல் வந்தால் வெள்ளணுக்கள் சுழற்சியாகக் குறையும் அரிய நோயைத் தேட வேண்டும்.

இல்லாமையை அறிவது தனி ஒரு பிரமாணம், அதாவது அறிவைத் தரும் வழி, என்று பாட்ட மீமாம்சகரும் அத்வைதிகளும் கொண்டனர். அதற்கு அனுபலப்தி என்று பெயர். அவர்கள் விதித்த நிபந்தனை வைத்தியத்துக்கு அப்படியே பொருந்துகிறது. இருந்திருந்தால் கண்டிருப்போம் என்னும் நிலை இருக்கும்போதுதான் காணாமை இல்லாமைக்குச் சான்றாகும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்று சொல்ல முடியாது. ஃபெரிட்டினைப் பார்க்காமல் இரும்புச்சத்துக் குறைவில்லை என்பதும், கண்ணைப் பற்றிக் கேட்காமல் கண்ணில் கோளாறில்லை என்பதும் அந்த இருட்டறைத் தீர்ப்புகளே.

கண்ணைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் பெசெட் நோய். இஸ்தான்புல்லின் தோல் மருத்துவர் ஹுலுசி பெசெட் 1937இல், வாய்ப்புண்ணும் பிறப்புறுப்புப் புண்ணும் கண் அழற்சியும் சேர்ந்து வருவதை ஒரே நோயாக விவரித்தார். இதற்கும் உறுதியான ஒற்றைச் சோதனை இல்லை. முன்கையில் ஊசியால் குத்தி, ஒன்றிரண்டு நாளில் அந்த இடத்தில் சிறு கொப்புளம் எழுகிறதா என்று பார்ப்பதுண்டு. எழாவிட்டாலும் நோய் இருக்கலாம். 1990இல் வகுத்த அளவுகோலின்படி, ஆண்டில் மும்முறையாவது வாய்ப்புண் வந்திருக்க வேண்டும். கூடவே வேறு இரண்டு அறிகுறிகளும் வேண்டும். 2014இல் வெளியான புள்ளிமுறையில் வாய்ப்புண்ணுக்கு 2, கண் பாதிப்புக்கு 2. மொத்தம் 4 வந்தால் பெசெட் எனலாம். ஆகவே வாய்ப்புண்ணும் கண் அழற்சியும் மட்டும் உள்ள ஒருவருக்குப் பழைய அளவுகோலில் இந்த நோய் இல்லை, புதியதில் உண்டு. அவர் உடலில் எதுவும் மாறவில்லை. நோயின் பெயரும் எல்லைக்கோடும் மனிதர் வகுத்தவை. கண்ணைக் குருடாக்கக்கூடிய அழற்சி யாரும் வகுத்ததல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதும், பெயர் மனிதர் வைத்தது என்பதால் நோயையே கற்பனை என்பதும் தவறு.

இதுவரை ஆறியது இனியும் ஆறும் என்னும் அனுமானம் உடைகிற இடம் ஒன்று உண்டு. மூன்று வாரமாகியும் ஆறாமல், ஒரே இடத்தில், ஓரம் தடித்து, விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும் புண். பெரும்பாலும் தொடக்கத்தில் வலிக்காது. புகையிலையும் பாக்கும் மெல்லும் வழக்கமுள்ள நாட்டில் இது புற்றுநோயாக இருக்கலாம். சிறு துண்டு திசுவை எடுத்துச் சோதித்தே ஆக வேண்டும். பல ஆண்டுகளாக வாய்ப்புண்ணுக்குப் பழகியவரே இதை எளிதில் அலட்சியம் செய்யக்கூடியவர். தேவையில்லாமல் எடுத்த திசுவால் சில நாள் வலி. தேவையிருந்தும் எடுக்காவிட்டால் உயிரே போகலாம். இரண்டு பிழைகளும் சம எடை கொண்டவை அல்ல.

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோய் எது, அதன் காரணம் எது, தணிக்கும் வழி எது என்று மூன்றையும் தனித்தனியே ஆராய்ந்து செயல்படச் சொல்கிறது. இரண்டாவது முழுதாகக் கிடைக்காதபோதும் மூன்றாவதைச் செய்ய முடியும் என்பதற்கு வாய்ப்புண் நல்ல சான்று. சத்துக் குறைவு கண்டால் ஈடுசெய்யப்படுகிறது. எரிச்சல் தொடங்கும் அன்றே, சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்னும், இடத்தைப் பஞ்சால் ஒற்றி உலர்த்திவிட்டு ட்ரையம்சினலோன் பசையை மெல்லப் பூசினால் புண்ணின் நாட்கள் குறையலாம். உணவுக்கு முன் பூசும் லிடோகெய்ன் ஜெல் இடத்தை மரத்துப்போகச் செய்யும். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு வேறு கிருமிகள் சேராமல் காக்கும். இவற்றுக்கு அடங்காதவர்களுக்குக் கோல்ச்சிசின் போன்ற மாத்திரைகள் உண்டு. பெசெட் நோயின் வாய்ப்புண்ணுக்கு அப்ரெமிலாஸ்ட் 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தாலிடோமைடு கடும் புண்ணையும் ஆற்றும். ஆனால் 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஊனத்தோடு பிறக்கக் காரணமாகி, 1961இல் திரும்பப் பெறப்பட்ட மருந்து அது. கருத்தரிக்க வாய்ப்புள்ளவர்களுக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு இல்லாமல் தரக்கூடாது.

எந்த மருந்தானாலும் பலனை ஒரே புண்ணைக் கொண்டு அளக்கக் கூடாது. புண் வந்த தேதி, இடம், அளவு, ஆறிய நாள் ஆகியவற்றை மருந்துக்கு முன் சில மாதமும் பின் சில மாதமும் குறித்து வைத்தால், இடைவெளி நீண்டதா, அளவு சுருங்கியதா என்று ஒப்பிடலாம். இரண்டும் மாறவில்லையென்றால் அந்த மருந்தை நிறுத்திவிடலாம்.