வயிறு விரதம் இருந்தது, கண்ணு இருந்ததா?

ஓம் சரவணபவ.

இந்த தடவை தல வரலாறோ விரத முறையோ எழுதல. ரொம்ப நாளா மனசுல உறுத்திட்டு இருக்கிற ஒரு கேள்வியை உங்க கூட பகிர்ந்துக்கணும்னு தோணுச்சு. நம்ம குரூப்ல நிறைய பேர் ரஷ்யா - உக்ரைன் போரை ஃபாலோ பண்றீங்கன்னு தெரியும். நானும்தான். 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி ரஷ்யப் படை உக்ரைனுக்குள்ள நுழைஞ்ச அன்னைக்கு என் லேப்டாப்ல ஒரு டேப் திறந்தேன். அந்தப் போரும் முடியல, அந்த டேப்பையும் நான் மூடல.

காலையில எழுந்ததும் முதல்ல பார்க்கிறது டீப்ஸ்டேட் மேப். சிவப்பு எவ்வளவு நகர்ந்திருக்கு, எந்த ஊர் விழுந்தது, எந்த ஊர் தாங்குது. அதுக்கு அப்புறம்தான் குளியல், விபூதி, கவசம். வேலையில சர்வர் டேஷ்போர்டு பார்த்துப் பழகின கண்ணு, போரையும் ஒரு டேஷ்போர்டாத்தான் பார்த்துச்சு.

போன கந்த சஷ்டி விரதத்துல நாலாம் நாள் ராத்திரி. பால், பழம் மட்டும். பாராயணம் முடிச்சுட்டு நல்ல மனநிறைவோட படுத்தேன். காலேஜ் நண்பர்கள் குரூப்ல ஒரு வீடியோ வந்தது. ட்ரோன் கேமரா. பின்னாடி மாஸ் பிஜிஎம். பள்ளத்துல ஒரு சிப்பாய் தனியா. ட்ரோன் இறங்குது. அவர் மேல பார்க்கிறார். வீடியோ முடிஞ்சது. நான் ஒரு ஃபயர் ஸ்டிக்கர் போட்டேன்.

வீடியோ தானா ரெண்டாவது தடவை ஓடுச்சு. அப்பதான் கவனிச்சேன். அவர் கடைசி நொடியில கையை முகத்துக்குக் குறுக்கே வெச்சுக்கிறார். சின்ன வயசுல அப்பா அடிக்க வரும்போது நாம முகத்தை மறைப்போமே, அதே கை. எந்த நாட்டுச் சிப்பாய்னு கூட எனக்குத் தெரியல. தெரியாமலேயே ஃபயர் போட்டிருந்தேன்.

அன்னைக்கு வயிறு விரதம் இருந்தது. கண்ணு இருந்ததா?

அதான் கேள்வி. தூரத்துல நடக்கிற ஒரு போரை தினமும் பார்த்துட்டு இருக்கிறது தப்பா?

"இதெல்லாம் பார்க்காதீங்க, மனசு கெட்டுடும், நாமத்தைச் சொல்லுங்க"ன்னு ஒரு பதில் உடனே வரும். எனக்கு அது முழுசா ஒத்து வரல. 2022 மார்ச் 16-ஆம் தேதி மரியுபோல் நகரத்துல நாடக அரங்கம் ஒண்ணு மேல குண்டு விழுந்தது. உள்ள நூற்றுக்கணக்கான பொதுமக்கள் அடைக்கலம் புகுந்திருந்தாங்க. வானத்துல இருந்து பார்த்தாலே தெரியட்டும்னு கட்டிடத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் தரையில பெரிய வெள்ளை எழுத்துல "குழந்தைகள்"னு ரஷ்ய மொழியிலேயே எழுதி வெச்சிருந்தாங்க. அப்படியும் குண்டு விழுந்தது. பார்க்கிறவங்க படிக்கணும்னு அவங்க தரையில எழுதினதை நாம படிக்காம இருந்தா அது பக்தியா? எனக்கு அப்படித் தோணல.

அதே மாதிரி, "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கும், நமக்கு எதுக்கு"ன்னு ஒதுங்கிக்கிறதும் சரியில்ல. பக்கத்து நாட்டுக்குள்ள படையோட நுழைஞ்சது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். 2022 மார்ச் 2-ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில 141 நாடுகள் ரஷ்யா வெளியேறணும்னு வாக்களிச்சாங்க. 5 நாடுகள் எதிர்த்தாங்க. இந்தியாவையும் சேர்த்து 35 நாடுகள் எந்தப் பக்கமும் சேராம நடுநிலையா ஒதுங்கிக்கிட்டாங்க. அரசாங்கத்துக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். தனி மனுஷனா எனக்கு ஒரு தீர்ப்பு இருக்கலாம், இருக்கணும்.

ஆனா தீர்ப்பு வேற, ரசனை வேற. ஒருத்தர் பண்ணது தப்புன்னு சொல்றதுக்கு அவர் சாகிறதை ரசிக்க வேண்டிய அவசியம் இல்ல. நான் தடுமாறினது இந்த இடத்துலதான்.

பாக்முத் ஞாபகம் இருக்கா? 2022 ஆகஸ்ட்ல இருந்து 2023 மே வரைக்கும் அந்த ஊருக்காக சண்டை நடந்தது. அத்தனை மாசமும் தெருத்தெருவா நான் ஃபாலோ பண்ணேன். எந்த ரோடு யார் கையில, எந்த மேடு முக்கியம், எல்லாம் சொல்வேன். ஆனா போருக்கு முன்னாடி அங்க சுமார் 70,000 பேர் குடியிருந்தாங்க, பூமிக்கு அடியில குகை மாதிரி இருக்கிற பாதாள அறைகள்ல ஒயின் தயாரிச்சாங்க, பக்கத்துலயே சோலேடார்ல பெரிய உப்புச் சுரங்கம் இருந்தது, இதெல்லாம் சண்டை முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தேடிப் படிச்சேன். ஊர் இருந்தவரைக்கும் எனக்கு அது ஊரா தெரியல. ஸ்கோரா தெரிஞ்சது.

ஸ்கோரா பார்க்கிற கண்ணுக்கு இன்னொரு வியாதியும் வரும். நமக்குப் பிடிச்ச டீம் ஜெயிக்கிற மாதிரி எது வந்தாலும் நம்பிடும். போர் தொடங்கின வாரமே "கீவ் நகரத்தின் பேய்"னு ஒரு விமானி தனி ஆளா எதிரி விமானங்களை வீழ்த்தினார்னு வீடியோ பறந்தது. நானும் நாலு குரூப்ல ஃபார்வர்ட் பண்ணேன். அந்தப் பேர்ல சுத்தின ஒரு வீடியோ கம்ப்யூட்டர் கேம்ல இருந்து எடுத்தது. ஏப்ரல் கடைசியில உக்ரைன் விமானப்படையே அப்படி ஒரு தனி ஆள் இல்ல, அது மக்கள் உருவாக்கின கதைன்னு சொல்லிடுச்சு. கோட்ல ஒரு வரியைக் கூட ரிவ்யூ இல்லாம விடாத நான், இதை ஒரு நொடி யோசிக்காம அனுப்பியிருக்கேன்.

இங்க நீங்க கேட்பீங்க. "ப்ரோ, நம்ம சாமியே தேவசேனாபதி. கையில வேல். திருச்செந்தூர் கடற்கரையில சூரன் தலை விழும்போது லட்சக்கணக்கான பேர் அரோகரான்னு கத்துறோம். நாம போய் போரைப் பார்க்கிறது பத்திப் பேசலாமா?"

நியாயமான கேள்வி. நானும் இதையேதான் எனக்கு சமாதானமா சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆனா கொஞ்சம் நிதானமா யோசிச்சா, சூரசம்ஹாரம் நமக்குச் சொல்றது வேற.

முதல்ல, அந்தப் போர் எதுக்காக நடந்தது? இடம் பிடிக்க இல்ல. சூரபத்மன் சிறையில இந்திரன் மகன் ஜயந்தனும் தேவர்களும் அடைபட்டுக் கிடந்தாங்க. அவங்களை விடுவிக்கத்தான். அதுக்கும் முருகன் எடுத்ததும் வேலை விடல. வீரபாகுவை மகேந்திரபுரிக்குத் தூது அனுப்பினான். சிறையில இருக்கிறவங்களை விட்டுடு, போரே வேண்டாம்னு சொல்லி அனுப்பினான். சூரன் மறுத்த பிறகுதான் படை நகர்ந்தது. அவனை நாம கும்பிடுறதே தேவர் சிறை மீட்டவன்னுதான்.

அடுத்து, முடிவு. மாமரமா நின்ன சூரனை வேல் ரெண்டா பிளந்தது. அப்பவும் அவன் அடங்கல, சேவலும் மயிலுமா மாறி சண்டைக்குத்தான் பாய்ஞ்சான். அப்ப முருகன் என்ன பண்ணான்? கருணையோட பார்த்தான். அந்தப் பார்வையில பகை போச்சு. ஒண்ணு கொடியாச்சு, ஒண்ணு வாகனமாச்சு. வேலால முடியாததை அந்தக் கண்ணு முடிச்சது. எதிரியைக் கடைசி நொடியில அவன் பார்த்த விதத்தையும், நான் பார்த்த விதத்தையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். கூசிடுச்சு.

மூணாவது, நாம அதை எப்படிப் பார்க்கிறோம்? ஆறு நாள் விரதம் இருந்து, உடம்பையும் மனசையும் அடக்கி, அதுக்கப்புறம்தான் சம்ஹாரம் பார்க்கிறோம். பார்த்து முடிச்சதும் கடல்ல குளிச்சுட்டுத்தான் விரதம் முடிக்கிறோம். சாமியே பண்ண சம்ஹாரத்தைப் பார்க்கிறதுக்கே இத்தனை கட்டுப்பாடு. நான் படுக்கையில சாய்ஞ்சுக்கிட்டு, பிஜிஎம் போட்டு, ஒரு மனுஷன் சாவைப் பார்த்திருக்கேன்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. "இவங்கதான் சூரன், அவங்கதான் தேவர்"னு நாமளே பாத்திரம் கொடுத்துடுறது. முருகனுக்கு எதிர்ல நின்னவன் யாருன்னு முருகனுக்குத் தெரியும். நமக்கு ஸ்கிரீன்ல தெரியுறது ஒரு யூனிஃபார்ம் மட்டும்தான். அந்தப் பள்ளத்துல இருந்தவர் தன் ஊரைக் காக்க வந்தவரா இருக்கலாம். 2022 செப்டம்பர்ல ரஷ்யா 3 லட்சம் பேரைப் படைக்கு அழைச்சப்போ இழுத்துட்டு வரப்பட்டவரா இருக்கலாம். ஜெயில்ல இருந்து கூட்டிட்டு வந்த கைதியா இருக்கலாம். அட்டூழியம் பண்ணவராவும் இருக்கலாம். உதவியாளர் வேலைன்னு நம்பிப் போய் ரஷ்யப் படையில மாட்டிக்கிட்ட நம்ம நாட்டுப் பசங்களே இருக்காங்க. சில பேர் உயிரோட திரும்பல. ட்ரோன் கேமராவுக்கு இதெல்லாம் தெரியாது. அங்கயும் ஒரு மதத் தலைவர், ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையின் கிரில், கடமையில சாகிற வீரனோட பாவமெல்லாம் கழுவப்படும்னு பிரசங்கம் பண்ணார். எதிர்ப் பக்கம் நிக்கிறவங்கள்லயும் பெரும்பாலானவங்க அதே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள்தான். கடவுளை ஒரு பக்கத்துக்குக் கொடி பிடிக்க வைக்கிறது எவ்வளவு சுலபம்னு இதைப் பார்த்தா புரியும். நாமளும் வேலை வெச்சு அதைப் பண்ணிடக் கூடாது.

சரி, அப்போ எப்படித்தான் பார்க்கிறது?

எனக்கு ஒரு செய்தி வழி காட்டுச்சு. இந்த ரெண்டு நாடும் இத்தனை வெறியோட மோதுற நடுவுலயும், போர்க்கைதிகளைப் பரிமாறிட்டே இருக்காங்க. 2025 மே மாசம் இஸ்தான்புல்ல பேசி முடிவு பண்ணி, மூணு நாள்ல பக்கத்துக்கு 1,000 பேர்னு விடுவிச்சாங்க. உக்ரைன் பக்கம் பஸ் வந்து நிக்கிற இடத்துல அம்மாக்களும் மனைவிகளும் காணாமப் போனவங்களோட போட்டோவைத் தூக்கிப் பிடிச்சு நிக்கிறாங்க. இறங்கி வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் "இவனை எங்கயாவது பார்த்தியா?"ன்னு கேட்கிறாங்க. தன் மகன் வரலன்னாலும் வந்தவனைப் பார்த்து அழுறாங்க.

என் மேப்ல இதுக்கு ஒரு நிறமே கிடையாது. ஒரு கிலோமீட்டர் கூட நகரல, அதனால அன்னைக்கு எனக்கு அது நியூஸே இல்ல. ஆனா சிறை மீட்டவனைக் கும்பிடுற நமக்கு, இந்தப் போர்ல முதல்ல கண்ணுல பட வேண்டிய செய்தி இதுதானே?

அதுல இருந்து எனக்கு நானே சில விஷயம் வெச்சுக்கிட்டேன். யாருக்கும் உபதேசம் இல்ல. ஒருத்தர் சாகிற வீடியோவை, அது எந்தப் பக்கம் ஆனாலும், திறக்கிறதில்ல, அனுப்புறதில்ல. குரூப்ல வந்தா, "மச்சான், இது வேணாம்டா"ன்னு ஒரு வரி போடுறேன். முதல் தடவை கிண்டல் பண்ணாங்க, பரவாயில்ல. ஒரு ஊர் பேர் செய்தியில வந்தா, அங்க என்ன விளைஞ்சது, மக்கள் என்ன வேலை பார்த்தாங்கன்னு அஞ்சு நிமிஷம் படிக்கிறேன். சரி பார்க்காம எதையும் ஃபார்வர்ட் பண்றதில்ல. மேப்பை முழுசா விடல, ஆனா கவசம் முடிச்ச பிறகுதான். பாராயண முடிவுல ரெண்டு பக்கமும் சிறையில இருக்கிறவங்களுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கிறேன்.

இதனால போர் நிக்குமா? நிக்காது. என் ஒரு நிமிஷ வேண்டுதல் அங்க ஒரு குண்டைத் தடுக்கும்னு நான் சொல்லல. ஆனா அங்க நடக்கிற அழிவு, இங்க உட்கார்ந்திருக்கிற எனக்குள்ள பரவாம தடுக்க என்னால முடியும். அது என் பொறுப்பு. முருகன் அதைப் பண்ணுவான்னு விட்டுட முடியாது.

திருச்செந்தூர்ல சம்ஹாரம் முடிஞ்ச பிறகு சாயாபிஷேகம்னு ஒண்ணு நடக்கும். போர் முடிச்சு வர்ற ஜெயந்திநாதர் முன்னாடி கண்ணாடி வெச்சு, அதுல தெரியுற பிம்பத்துக்கு அபிஷேகம் பண்ணுவாங்க. அதுக்குப் பெரியவங்க என்ன தத்துவம் சொல்லுவாங்களோ, நான் என் மட்டுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டேன். அந்த வீடியோ முடிஞ்சதும் ஸ்கிரீன் ஒரு நொடி கறுப்பாச்சு. அதுல என் முகம் தெரிஞ்சது, நெத்தியில விபூதியோட. இனி எந்தப் போர்ச் செய்தியை மூடினாலும், அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துக்கணும்னு இருக்கேன்.

சிறையில இருக்கிற எல்லாரும் வீடு திரும்பணும். அவன் அருள் புரியட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!