அணைக்கும் ஒரு படலை

யாழ்ப்பாணத்துக் காணி வழக்குகளை அறிந்தவர்களுக்கு 'வழி வாய்க்கால்' என்ற சொல் புதிதல்ல. காணியை எத்தனை துண்டாகப் பிரித்து விற்றாலும், பின்வளவுக்காரர் தெருவுக்கு வரும் ஒழுங்கையை முன்வளவுக்காரர் அடைத்துவிட முடியாது. நான் வாழும் நெடுந்தீவில் வேலிகள் முருகைக்கல்லால் அடுக்கப்பட்டவை. அந்தக் கல்வேலிக்கும் ஒரு படலை உண்டு. வேலி போடுவது குற்றமல்ல. பிறர் வழியை மறிப்பதே வழக்காகிறது. இந்த நியாயம் மனிதருக்கு மட்டுந்தானா என்பதே இங்கு நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

தொண்டைமானாறு பெயரளவில்தான் ஆறு. உண்மையில் அது வடமராட்சிக் கடனீரேரி கடலோடு கலக்கும் வாய். 1950களில் அந்த வாயின் குறுக்கே ஒரு தடுப்பணை எழுந்தது. மாரி மழையைத் தேக்கி, கோடையில் கடல்நீர் உள்ளே வராமல் தடுத்தால் நீரேரி மெல்ல மெல்ல நன்னீராகும், சுற்றியுள்ள கிணறுகளின் உவர் குறையும் என்பது அதன் நோக்கம். 1954 இல் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் பெருந்திட்டத்திலும் இந்த அணைக்கு இடமிருந்தது. திட்டம் அவர் வகுத்தபடி முழுமையடையவில்லை. அணையின் மரப்பலகைகளும் காலத்தில் உக்கிப்போயின.

அணை கட்டியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆறில்லாத தீவில் இருப்பவன் நான். கோடையில் ஒரு குடம் நல்ல தண்ணீரின் விலை எங்களுக்குத் தெரியும். தாகத்துக்காகக் கட்டிய சுவரைப் பாவம் என்று எப்படிச் சொல்வது?

ஆனால், வகுப்பில் இறாலின் வாழ்க்கை வட்டத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "கதவு பூட்டியிருந்தால் அது எப்படி சேர் உள்ளுக்கு வரும்?" இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் சில வாரங்களில் நீரோட்டத்தோடு கடனீரேரிக்குள் வந்து சேருகின்றன. அங்கே சில மாதங்கள் வளர்ந்து, இனம் பெருக்க மீண்டும் கடலுக்குப் போகின்றன. வரவும் போகவும் அவற்றுக்கு இருப்பது அந்த ஒரே வாய்தான். அந்த ஒழுங்கை எந்த உறுதிக்கும் முந்தியது.

கதவைத் திறந்தால் உப்பு ஏறும் என்று தோட்டக்காரர் அஞ்சுவதும் நியாயமே. இங்கே ஒல்லாந்தரின் அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். எங்கள் தீவுக்கு 'டெல்ஃப்ட்' என்று தம் ஊர்ப்பெயரை இட்டுச் சென்றவர்கள் அவர்கள். 1953 இல் கடல் பொங்கி அந்நாட்டில் 1,836 பேர் மாண்டார்கள். அதன்பின் எழுந்த அணைகளில் ஒன்றான ஹாரிங்ஃபிலீட், 1970 இல் ஆற்றின் வாயை அடைத்தது. மக்கள் காப்பாற்றப்பட்டார்கள், ஆனால் சல்மன் முதலான மீன்களின் வழி மறிக்கப்பட்டது. பல்லாண்டு வாதத்துக்குப் பின், 2018 இல் அக்கதவுகளைச் சற்றே நீக்கி வைக்கும் ஏற்பாடு தொடங்கியது. ஆற்றில் நீர்வரத்துக் குறைந்தால் கதவுகளை மூடிவிடுவார்கள். அதைவிட முக்கியமானது, திறப்பதற்கு முன் அவர்கள் செய்த வேலை. வயலுக்கும் குடிநீருக்கும் நீர் எடுக்கும் இடங்களை, உப்பு எட்டாத தொலைவுக்குப் பொதுச் செலவில் மாற்றினார்கள். மீனுக்குக் காட்டிய இரக்கத்தின் செலவை விவசாயியின் தலையில் கட்டவில்லை.

பிக்ஹு அறிஞர்கள் நீரில் இரண்டு உரிமைகளைப் பிரித்துப் பேசினார்கள். ஒன்று தாகம் தீர்க்கும் உரிமை. மற்றது பயிருக்குப் பாய்ச்சும் உரிமை. தாகமே முந்தியது. அந்தத் தாகத்தில் மனிதரோடு விலங்குகளுக்கும் பங்குண்டு. வாயில்லாச் சீவனை உரிமைக்காரராக ஏற்ற அந்த மனம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மீன் குடிக்க வரவில்லை, கடந்துபோக வருகிறது. அதன் தேவையையும் அதே மனத்தோடு எண்ணிப் பார்க்க முடியாதா?

இறாலுக்குச் சந்தையில் விலை உண்டு, அதனால் திற என்று வாதிடுவது சுலபம். விலையே இல்லாத ஒரு சிறு மீனுக்கும் வழி விடவேண்டும் என்பதே என் கட்சி. தேவைக்காகப் பிறர் வழியை அடைக்க நேரலாம். அப்படி அடைத்தவருக்கு, முடிந்த அளவில் முடிந்த காலத்தில் ஒரு படலை விடும் கடமையும் கூடவே வந்துவிடுகிறது. முன்னோர் அறியாமல் அடைத்தது குற்றமாகாது. அறிந்த பின்னும் நாம் அப்படியே விட்டால் அதற்கு வேறு பெயர்.

எந்தக் கதவு, எந்த மாதம், எத்தனை அங்குலம் என்பதைத் தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் பொறியியலாளரும் ஒரே பாயில் இருந்து பேசித் தீர்மானிக்கலாம். அந்தப் பாயில் மீனுக்காகப் பேசவும் ஒருவர் இருக்க வேண்டும். அது நீதிமன்றம் ஏறி வழக்கு வைக்கப் போவதில்லை.