ஆசை உள்ளவருக்கு நேரம்

பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், காஞ்சிபுரம்: பெங்களூரு நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். இன்று இது கம்பெனி பஸ்களின் சாலை. சுங்குவார்சத்திரத்தில் விடியற்காலை நின்றால், நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூங்கி வழிந்தபடி இறங்குவதையும், காலை ஷிப்ட்காரர்கள் அவசரமாக ஏறுவதையும் பார்க்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே வழியில் ஒருவர் நடந்துபோய் வந்ததாக வைணவ மரபு சொல்கிறது. பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதராஜருக்கு ஆலவட்டம் வீசியவர். பிராமணர் அல்லர். 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்ததாகக் கொள்ளப்படும் ராமானுஜர் அவரையே குருவாக வரிக்க விரும்பினார். தன் குலத்தைக் காரணம் சொல்லி நம்பி மறுத்துவிட்டார்.

கற்பிக்கத் தனக்குத் தகுதியில்லை என்று கற்பிக்க வல்லவரே எண்ணிய காலம் அது. கற்க வந்தவர் கடக்க வேண்டிய வாசல்கள் இன்னும் அதிகம்.

திருக்கோஷ்டியூர்க் கதை தமிழர் அறிந்ததுதான். எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைக் கேட்க ராமானுஜர் 18 முறை அலைந்தார். யாருக்கும் சொல்லக் கூடாது என்ற அவ்வூர்க் குருவின் ஆணையோடு அது கிடைத்தது. அவர் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். கோபுரத்தில் ஏறி நின்று சொன்னார் என்பது மக்கள் வழக்கு. குருபரம்பரை நூல்களில் இந்த இடம் வேறுபட்டும் வருகிறது. இத்தனை பேர் கரையேறுவார்கள் என்றால் தான் ஒருவன் நரகம் போவதில் குறையில்லை என்று குருவிடம் அவர் சொன்ன பதில்தான் கதையின் உயிர். ஆனால் மறைத்து வைத்த குருவின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. எளிதாகக் கிடைத்தது மதிப்பிழக்கும், தாகம் இல்லாதவனுக்கு ஊற்றிய தண்ணீர் தரையில்தான் போகும் என்ற அச்சம் அது. இலவச வகுப்பு என்றால் நாலு நாள் வந்துவிட்டு நின்றுவிடுவார்கள் என்று இன்று சொல்கிறவர்களும் அதே அச்சத்தைத்தான் பேசுகிறார்கள்.

மணவாள மாமுனிகள் தமது உபதேசரத்தினமாலையில் ராமானுஜர் செய்த இந்த மாற்றத்தைத் துல்லியமாகப் பதிவு செய்திருக்கிறார். முன்னோர் ஒருவரிடமிருந்து ஒருவருக்கென்று கடத்திவந்ததை ராமானுஜர் எல்லை உடைத்துத் திறந்தார். கேட்பவருக்கு ஆசை இருந்தால் போதும் என்றார். குலத்தையும் குருவின் சோதனையையும் தள்ளி வைத்து, ஆசை ஒன்றை மட்டும் தகுதியாக்கியது பெரிய காரியம்.

அதே ராமானுஜர், பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில், வேதவழியிலான பிரம்மவித்தை சூத்திரருக்கு உரியதல்ல என்ற பழைய தீர்ப்பை ஏற்றே உரை எழுதுகிறார். இதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடுவது நேர்மையாகாது. உரையில் பூட்டிய கதவை மந்திரத்தில் திறந்தார் என்றுதான் சொல்ல முடியும். ஒரு வாசல் திறந்தபோதும் இன்னொன்று மூடியே இருந்தது. கல்வியின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் நகர்ந்திருக்கிறது.

ஆசை போதும் என்பது உண்மைதானா? இந்தக் கேள்விக்கு விடை தேட, மறைநூல்களைவிடச் சென்னை பெரம்பூருக்குப் போவது நல்லது. பக்கிங்காம், கர்நாடிக் மில்களின் அருகே ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்றொரு வைணவ சபை இருந்தது. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் அதை நடத்தினார்கள். இரண்டாமவரின் பெயரைக் கவனிக்க வேண்டும். சமயச் சொற்பொழிவு கேட்க மில் தொழிலாளர்கள் வந்தார்கள். வந்த இடத்தில் தங்கள் பாட்டைச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று மதிய இடைவேளை. அரை மணி நேரத்தில் கைகழுவி, சாப்பிட்டு, மறுபடி தறிக்கு ஓட வேண்டும். சபையில் பேச வந்த திரு.வி.க. அங்கிருந்து தொழிலாளர் இயக்கத்துக்குள் வந்தார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி.பி. வாடியா தலைவரானார். இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

ஒரு பஜனை சபை முதியோர் பள்ளியானது. அந்தப் பள்ளியிலிருந்து ஒரு சங்கம் முளைத்தது. வந்தவர்களுக்குக் கேட்கும் ஆசை குறையவில்லை. நிமிடங்கள்தான் குறைந்தன.

தமிழில் ‘பள்ளி’ என்ற சொல்லுக்குப் படுக்கை என்றும் பொருள். பெருமாள் பள்ளி கொள்கிறார். சமணத் துறவியர் கற்படுக்கை வெட்டித் தங்கிய குகைகளும் பள்ளிதான். துறவி உறங்கிய இடமே ஊரார் எழுத்துக் கற்ற இடமாக, சொல் அப்படியே கைமாறியது. கிரேக்கர்கள் ஓய்வுக்கு வைத்திருந்த சொல்லிலிருந்துதான் ஐரோப்பிய மொழிகளின் ‘ஸ்கூல்’ வந்தது. ஓய்ந்த உடம்புதான் கற்க முடியும் என்று இரண்டு தொலைதூர நாகரிகங்களின் சொற்களும் சாட்சி சொல்கின்றன. நைட் ஷிப்ட் முடித்து அறைக்கு வந்த பெண்ணுக்கு இந்த இரண்டு பள்ளிகளும் ஒன்றோடொன்று சண்டையிடுகின்றன. படுக்கை ஜெயித்தால் அவளுக்கு ஆசையில்லை என்று எவர் தீர்ப்பு எழுதுவது?

1990களின் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இதைப் புரிந்துகொண்டது. 1991இல் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அது பெரும் எழுச்சியானது. வயலிலிருந்தும் கல்குவாரியிலிருந்தும் பெண்கள் திரும்பிய பிறகு, இரவில் வகுப்பு நடந்தது. அங்கே எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். தண்ணீருக்கும் வேலைக்கும் நடந்தே தீர்ந்த நேரத்தின் ஒரு பகுதி அவர்கள் கைக்குத் திரும்பியது. சைக்கிளைக் கல்வித் திட்டத்தின் அலங்காரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. அதுவே பாதிக் கல்வி.

பாடநூலின் தொடக்கச் சொல்லிலும் அந்த இயக்கத்தின் எண்ணம் தெரிந்தது. ‘அ’வில் தொடங்கவில்லை, ‘பட்டா’வில் தொடங்கினார்கள். நிலமில்லாதவர் நாவிலும் கனவிலும் இருந்த சொல் அது. பிரேசிலில் 1963இல் அங்கிக்கோஸ் என்ற ஊரில் பாவ்லோ ஃபிரெய்ரே 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்த முயற்சியின் சாயல் இதில் உண்டு. கற்பவரின் வாழ்க்கையை அழுத்தும் சொல்லே முதல் பாடம் என்பது அவர் வழி.

சுங்குவார்சத்திரத்தில் கேள்வியின் வடிவம் மாறியிருக்கிறது. இங்குள்ள ஆலைகளில் வேலை செய்யும் இளம்பெண்களில் பலர் பிளஸ் டூ படித்தவர்கள். ஆண்களில் ஐடிஐ, டிப்ளமோ உண்டு. கூடவே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, தமிழ்ப் பலகை எதையும் படிக்க முடியாமல் கட்டட வேலையிலும் லோடிங்கிலும் நிற்பவர்கள் இருக்கிறார்கள். கைநாட்டு வைக்கும் உள்ளூர்த் துப்புரவுப் பெண்கள் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. மீதியில் ஒரு பங்கு விளக்குமாற்றோடு இந்த ஆலைகளின் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறது. ஒன்றிய அரசின் புதிய எழுத்தறிவுத் திட்டம் (2022–2027) 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. தன்னார்வலர்களை நம்பி நடப்பது. ‘முதியோர் கல்வி’ என்ற பெயரை நீக்கி ‘அனைவருக்கும் கல்வி’ என்று அழைக்கவும் முடிவு செய்தார்கள். பெயர் நல்ல பெயர். ராமானுஜர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். எந்த ஷிப்டில் என்பதுதான் அதில் இல்லை.

எழுத்து அறிந்தவர்களின் நிலையும் யோசிக்க வேண்டியது. 2021 டிசம்பரில் விடுதி உணவால் தோழிகள் நோயுற்றபோது ஆலைப் பெண்கள் இந்த நெடுஞ்சாலையில் மறியலுக்கு அமர்ந்தார்கள். 2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் தொழிலாளர்கள், சங்க அங்கீகாரத்தை முதன்மையாகக் கேட்டு, 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இவர்கள் படித்தவர்கள். ஆனாலும் தொழிற்சங்கச் சட்டம் என்ன சொல்கிறது, பி.எஃப். கணக்கில் எவ்வளவு சேர்ந்தது, ஓ.டி. எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பள்ளிக்கூடம் எவருக்கும் சொல்லித் தரவில்லை. அதைக் கூடி உட்கார்ந்து பேசிக் கற்க, பெரம்பூர் சபை போன்ற ஓர் இடம் வேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அத்தனை படுக்கைகள் ஒரே இடத்தில். பள்ளி என்ற சொல்லின் முதல் பொருள் அங்கே நிறைவேறிவிட்டது.

இரண்டாம் பொருளுக்கு ஒரு பெரிய அறை போதும். மூன்று ஷிப்டுக்கும் மூன்று முறை, காலை 7 மணிக்கும் திறந்திருக்கும் அறை. தூங்கிவிட்டு வந்தாலும், பாதியில் தூங்கிப்போனாலும், ஒரு மாதம் வராமல் திரும்பி வந்தாலும் பெயர் அடிக்கப்படாத வருகைப் பதிவேடு. கரும்பலகையில் முதல் சொல்லாக எதை எழுதலாம் என்று யோசித்தால், சம்பள ஸ்லிப்பிலேயே ஒன்று கிடைக்கிறது: பிடித்தம். கான்டீனுக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு என்று கழிவதும் அந்தச் சொல்தான். மனசு ஒன்றின்மேல் வைக்கும் ஆசையும் அந்தச் சொல்தான். பி, டி, த், த, ம். ஐந்தே எழுத்து. கைநாட்டுக்காரப் பெண்ணும் பிளஸ் டூ படித்த பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தி எழுத்தைக் கூட்டவும் இன்னொருத்தி தொகையைக் கூட்டவும் தொடங்கலாம்.