தியாகமா, பலியா?

கழிவுநீர்க் குழிக்குள் இறங்கிய ஒருவர் மயங்கி விழுகிறார். மேலே நிற்பவர் "அண்ணே"ன்னு கத்திக்கொண்டே இறங்குகிறார். அவரும் ஏறி வரவில்லை. மூன்றாமவர் இறங்குகிறார். மறுநாள் செய்தி வருகிறது: விஷவாயு தாக்கி மூவர் பலி. கூடவே ஒரு வரி: பாதுகாப்பின்றி இறங்கியதே காரணம்.

தீயணைப்பு வீரர் கடமையில் செத்தால் மரியாதை செய்கிறோம், செய்யத்தான் வேண்டும். அந்த வண்டி வருமுன்னே இன்னொரு உயிரைத் தூக்க இறங்கினாரே இரண்டாமவர், அவருக்கு மட்டும் ஏன் 'கவனக்குறைவு' என்ற பெயர்?

ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். 'நாத்தம் இல்ல, எறங்கலாம்' என்று தோன்றும்போதே சாவு பக்கத்தில் நிற்கிறது. தீயணைப்பு வீரருக்கு முதுகில் காற்று உருளை, முகத்தில் கவசம். இவருக்கு இடுப்பில் ஒரு கயிறு, பல நேரம் அதுவும் இல்லை. அடைபட்ட இடங்களில் சாகிறவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் சொன்னது. எந்த நாட்டிலும் கண்ணெதிரே ஒருத்தன் துடிச்சா கூட நிக்கிறவன் கணக்குப் பார்ப்பதில்லை. அது கவனக்குறைவு அல்ல, மனுஷத்தனம். ஆனால் இங்கே குழி விளிம்பில் யார் நிற்பது என்பதைச் சாதி முன்பே முடிவு செய்துவிடுகிறது.

நல்ல மனசுக்காரர்கள் இதைத் 'தியாகம்' என்பார்கள். அந்தச் சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். தியாகம் தானாகத் தருவது. பலி அடுத்தவர் கொடுப்பது. இரண்டாமவர் செய்தது தியாகம்தான். கருவி எதுவும் தராமல் அவரை அங்கே நிறுத்தியவர்கள் செய்ததோ பலி. முன்னதைப் புகழ்ந்து பின்னதை மறைப்பது பழைய தந்திரம்.

2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அவசர நிலையிலும்கூட, பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடைக்குள் இறங்க வைப்பது குற்றமாக்கப்பட வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீட்டை அன்று 10 லட்சம் என்றது. 2023இல் 30 லட்சமாக்கியது. சாவின் விலை ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை.

நமக்குப் பட்டம் வேண்டாம் தோழர்களே. அடுத்த முறை செய்தி படிக்கும்போது 'அவன் ஏன் எறங்குனான்?' என்று கேட்காதீர்கள். மூடியைத் திறக்கச் சொன்னவன் யார், அவன் பேர் ஏன் வழக்கில் இல்லை என்று கேளுங்கள்.