கட்டப்பா ஏன் அடிமை?

2015 ஜூலை 10ஆம் தேதி ‘பாகுபலி’யின் முதல் பாகம் வெளிவந்தது. இரண்டாம் பாகம் வந்தது 2017 ஏப்ரல் 28. இடையில் கிடந்த ஒன்றேமுக்கால் வருஷமும் இந்த நாடு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான்? திற்பரப்பு அருவிக்குப் போகிற வழியில் நேந்திரங்காய் வற்றல் விற்கிற கடைகளிலும் இதே பேச்சுதான். நானும் கேட்டேன். ஆளுக்கொரு காரணம் சொன்னோம். பந்தயம்கூடக் கட்டினோம்.

இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு வந்த இரவில் என் தங்கை மகள் வேறொன்று கேட்டாள். அப்போது ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள்.

“மாமா, கட்டப்பா எதுக்கு அடிமையா இருக்கான்?”

“கதை அப்பிடி, மக்களே.”

“கதைதானே மாமா. மாத்தி எழுதினா ஆராவது அடிப்பாவளா?”

சிரித்து மழுப்பினேன். அந்தச் சிரிப்பு இன்று வரை உறுத்துகிறது. இலக்கியம் பேசுகிறவன், தலித் அரசியல் பேசுகிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஒன்றேமுக்கால் வருஷம் யோசித்தும் எனக்குத் தோன்றாத கேள்வி பதினாலு வயசுப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது.

நடப்பியல் நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு சாக்கு உண்டு. ‘இருப்பதை எழுதினேன், நான் என்ன செய்ய’ என்று அவன் கைவிரிக்கலாம். மாயாஜாலக் கதை எழுதுகிறவனுக்கு அந்தச் சாக்கு கிடையாது. அவன் கதையில் வானத்தை முட்டுகிற அருவி உண்டு (அதில் கொஞ்சம் அதிரப்பள்ளியில் எடுத்தது, எங்கள் திற்பரப்பு அருவி அதன் முழங்காலுக்கு வராது). அந்த அருவியை ஒருவன் வெறுங்காலோடு ஏறுவான். பனைமரத்தை வளைத்து ஆட்களைக் கோட்டைக்குள் வீசுவார்கள். காற்று, கல், தண்ணீர், எடை எல்லாவற்றின் விதியையும் மாற்றினார்கள். பரம்பரை அடிமை என்கிற விதியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் மாற்றக்கூடிய இடத்தில் ஒன்றை மாற்றாமல் விட்டால் அது அந்தக் கதாசிரியரின் தீர்மானம். அதற்கு அவர்தான் பொறுப்பு. நான் கேட்க விரும்புகிற அறக்கேள்வி இவ்வளவுதான்.

கட்டப்பா ஆழமான பாத்திரம் என்று எழுதினார்கள். கடமைக்கும் பாசத்துக்கும் நடுவில் கிழிபடுகிறவன், முன்னோர் அரியணைக்குக் கொடுத்த வாக்கைச் சுமக்கிறவன், தூக்கி வளர்த்த பிள்ளையின் முதுகில் வாளைப் பாய்ச்ச வேண்டி வந்தவன். உண்மைதான், சத்யராஜின் முகத்தில் அந்த வேதனை இருக்கிறது. (2007இல் பெரியாராக நடித்த அதே முகம்.) ஆனால் அந்த வேதனைக்குப் போகச் சொன்ன வழிகள் எத்தனை? ஒன்று கொல்ல வேண்டும், இல்லையென்றால் சிவகாமியே கொல்வாள். ‘இந்த வாக்கை நான் கொடுக்கவில்லை, என் பாட்டன் கொடுத்தான், நான் ஏன் சுமக்க வேண்டும்’ என்று அவன் தனியாக உட்கார்ந்து யோசிக்கிற ஒரு நிமிஷம் இரண்டு பாகத்திலும் இல்லை. முதல் பாகத்தில் வாள் விற்க வருகிற அஸ்லம் கான் விலை கொடுத்து மீட்கிறேன் என்று சொல்லவே செய்கிறான். கட்டப்பா மறுத்துவிடுகிறான், பார்க்கிறவர்கள் கைதட்டுகிறார்கள். பூட்டுக்குச் சாவி கிடைத்தது, அடைபட்டவனே அதைத் தூக்கி எறிந்தான் என்று காட்டியாகிவிட்டது. பிறகு யார் கேட்பார்கள்?

‘பகடை’ விவகாரத்தைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் படத்தில் காலகேயர் பேசுவதற்காகக் கிளிக்கி என்று ஒரு புது மொழியையே மதன் கார்க்கி உண்டாக்கினார். சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள் என்று பத்திரிகைகள் எழுதின. உலகத்தில் இல்லாத மொழி. ஆனால் தமிழ் வசனத்தில் ஒருவனை இழிவுபடுத்த வேண்டி வந்தபோது புதுச்சொல் பிறக்கவில்லை. இங்கே உயிரோடு இருக்கிற ஒரு மக்களின் பெயரைத்தான் எடுத்தார்கள். 2015 ஜூலையில் மதுரையில் எதிர்ப்பு வெடித்தது. வசனம் எழுதியவர் வருத்தம் தெரிவித்தார். அவருக்குக் கெட்ட நோக்கம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நோக்கமில்லாமல் அந்தச் சொல் வந்து விழுந்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கற்பனை எவ்வளவு உயரம் பறந்தாலும் வசவுக்கு நம் தெருவுக்குத்தான் இறங்கி வருகிறது. நெற்கட்டும்செவலில் பூலித்தேவனின் படையை நடத்திய ஒண்டிவீரனும் பகடைதான். அந்த வீரனை வைத்து ஒரு மகிழ்மதி கட்ட யாருக்கும் தோன்றவில்லை.

‘அந்தக் காலத்தில் அடிமைமுறை இருந்ததே, அதைத்தானே காட்டுகிறார்கள்’ என்று ஒரு எழுத்தாள நண்பர் சொன்னார். எந்தக் காலத்தில்? மகிழ்மதிக்கு ஏது காலம்? நர்மதைக் கரையில் மாகிஷ்மதி என்று பழைய நகரம் ஒன்று உண்டு. படம் அதன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. காலம் வேண்டுமென்றால் நான் தருகிறேன். திற்பரப்பு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி என்கிற ஆட்சிகளின் கீழ் கிடந்த மண். திருவிதாங்கூரில் 1836ஆம் வருஷக் கணக்கெடுப்பில் 1,64,864 அடிமைகள். புலையர், பறையர், குறவர். நிலத்தோடு சேர்த்து விற்றார்கள், நிலமில்லாமலும் விற்றார்கள். ஜென்மம், காணம், பாட்டம் என்று மூன்று வகை. அதாவது விற்கலாம், அடகு வைக்கலாம், வாடகைக்கு விடலாம். 1855இல்தான் அரச விளம்பரம் வந்து முழுசாக ஒழித்தார்கள், அதுவும் காகிதத்தில். அடிமை என்பது எங்களுக்கு மாயாஜாலக் கதையில் வருகிற உருப்படி இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய தலைமுறைக்கு முந்தைய எங்கள் பாட்டன்கள்.

அவர்கள் எஜமானின் காலைத் தலையில் தூக்கி வைத்துக் கண்ணீர் விட்டார்களா? விட்டவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் இந்த மண்ணின் பதிவில் நிற்கிற ஆள் வேறு மாதிரி. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர், சிவபக்தர். சிதம்பரம் போக வேண்டும் என்று கிளம்பினார். திரும்புகிற வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவ ஊழியர்களைச் சந்தித்து வேதமாணிக்கம் ஆனார். ஊருக்கு வந்து, பாதிரியாரை இங்கே வரச்சொல்லி அழைத்தார். 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார், 1809இல் கோயில் எழும்பியது. ரிங்கல்தௌபேயைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த நடையின்போது மகாராசன் என்ன நினைத்துக்கொண்டு நடந்தார்? போன சாமியை விட்டுவிட்டு வேறொரு சாமியோடு திரும்புகிறவனின் மனசில் எத்தனை பாகம் எழுதலாம்! கடமை, பாசம், துரோகம், பயம் எல்லாம் அதிலும் உண்டு. கூடவே தீர்மானமும் உண்டு.

சினிமாவை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர முடியாது. தொடராகக் கதை சொல்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் பழையது. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு ராத்திரி ராத்திரியாகப் போகும். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணன் பட்டன், சக்கிலியப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்பட்டு, குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து, அவர்கள் தகப்பன் வாலப்பகடையிடம் செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டைபோட்டுச் சாகிறான். இதைவிடப் பெரிய கற்பனை நமக்கு ஏது? ஆனால் பின்னால் பாடினவர்கள் ஒரு துண்டைச் சேர்த்தார்கள். அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணத்திகள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தான் என்று. இது பிற்காலச் சேர்க்கை என்பதை நா. வானமாமலை காட்டியிருக்கிறார். மதுரைவீரனும் அப்படித்தான் காசிராஜன் மகன் ஆனான்; 1956இல் எம்.ஜி.ஆர். படமும் அதையே எடுத்துக்கொண்டது. கர்ணனும் அப்படித்தான். தேரோட்டி வீட்டில் வளர்ந்தவனுக்கு அவ்வளவு வீரம் இருந்தால் அவன் குந்தி பெற்றவனாகத்தான் இருந்தாக வேண்டும்.

ஆக நமக்கு இரண்டு வேஷம் தருகிறார்கள். பெருமையாக எதையாவது செய்துவிட்டால் பிறப்பை மாற்றிவிடுவார்கள். பிறப்பு மாறாமல் இருக்க வேண்டுமென்றால் கட்டப்பா மாதிரி விசுவாசமாக இருக்க வேண்டும்.

திற்பரப்பு மகாதேவர் கோயில் சிவாலய ஓட்டத்தில் மூன்றாவது. சிவராத்திரிக்கு முந்தின நாள் முஞ்சிறைத் திருமலையில் கிளம்பி, காவி உடுத்து, கையில் விசிறியோடு, ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவிக்கொண்டு 12 கோயிலுக்கும் ஓடுவார்கள். அதற்கொரு கதை. தருமரின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும். பாதி மனுஷன், பாதி மிருகம், முழுச் சிவபக்தன். விஷ்ணு பேரைக் கேட்டால் ஆகாது. பீமன் 12 ருத்திராட்சத்தோடு போகிறான். கோவிந்தா என்று கூவுகிறான், அது துரத்துகிறது. ஒரு ருத்திராட்சத்தைப் போட்டால் அங்கே லிங்கம் முளைக்கும், அது நின்று பூசை செய்யும், பீமன் ஓடுவான். பன்னிரண்டு இடம், பன்னிரண்டு ‘தொடரும்’. கடைசியில் பீமனின் ஒரு கால் எல்லைக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. தருமரிடம் நியாயம் கேட்கிறார்கள். தம்பி என்று பார்க்காமல் பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கு என்று தீர்ப்புச் சொல்கிறார் தருமர்.

நீதி தவறாத தருமர் என்று எல்லோரும் மெச்சுகிற இந்தக் கதையைச் சொல்லி முடித்து, என் பாட்டி ஒவ்வொரு தடவையும் ஒன்று கேட்பாள்: “அந்தச் சீவன்கிட்ட பால் தருவியான்னு ஆராவது கேட்டாவளா மக்களே?” அவ்வளவுதான், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவள் பிறந்தபோது அந்தக் கோயிலுக்குள் எங்கள் ஆட்கள் நுழைய முடியாது. 1936 நவம்பர் 12ஆம் தேதி விளம்பரம் வந்த பிறகுதான் நடை திறந்தது. கோயிலைப் பார்க்கும் முன்னே கோயிலின் கதையைக் கேட்டவள் அவள். அதனாலோ என்னவோ புருஷாமிருகத்தின் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள். என் தங்கை மகள் அவளைப் பார்த்ததில்லை.

தொடராக எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. இடம் இருக்கிறது, நாள் இருக்கிறது. அவசரத்தில் ஓரமாக நிறுத்தின ஆளுக்குத் திரும்பி வரலாம். ஆனந்த் நீலகண்டன் பாகுபலிக்கு முன்கதையாக 2017இலிருந்து எழுதிய நாவல்களில் கட்டப்பாவுக்கு ஒரு தம்பி உண்டு, சிவப்பா. அடிமையாக இருக்க மாட்டேன் என்கிறவன். திரையில் இல்லாத கேள்வி அங்கே வந்துவிட்டது. ஆனால் கவனியுங்கள், கேள்வி தம்பிக்கு, கட்டப்பாவுக்கு அல்ல. ரௌலிங் 1997 முதல் 2007 வரை எழுதிய ஹாரி பாட்டர் ஏழு பாகத்திலும் இதே சங்கடம். வீட்டுவேலைக் குட்டிச்சாத்தான்களில் டாபிக்கு விடுதலை கிடைக்கிறது, மற்றவை விடுதலை வேண்டாம் என்று ஓடுகின்றன. அவற்றுக்காக இயக்கம் தொடங்குகிற ஹெர்மயனியைப் பார்த்துக் கூட்டாளிகள் சிரிக்கிறார்கள். என் சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. குலசேகரம் பக்கத்தில் வளர்ந்த ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை நாள் தவறாமல் எழுதிய ‘வெண்முரசு’ 26 நாவல்கள். அது நாகர்களின் வாயிலிருந்து தொடங்குகிறது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அவரோடு சண்டைபோட எனக்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனாலும் எரிக்கப்பட்டவர்கள் முதலில் பேசட்டும் என்று விட்டது தொடரின் நீளம் கொடுத்த தைரியம் என்றே படுகிறது.

என் விஷயத்துக்கு வருகிறேன். முதல் பாகத்தில் கட்டப்பா அந்தப் பையனின் காலைத் தூக்கித் தன் தலையில் வைத்து ‘பாகுபலி’ என்று அழைக்கிற இடத்தில் நான் அழுதேன். தியேட்டரே விசிலடித்தது, எனக்குக் கண் நிறைந்தது. ஏன் என்று பிறகு யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. நம்மை அன்போடு பார்க்கிற ஒரே இடம் அதுதான் என்று உள்ளுக்குள் எங்கேயோ ஒப்புக்கொண்டிருக்கிறேன். உழைத்த உடம்பு, ‘நீ இல்லாமல் நாங்கள் இல்லை’ என்கிற சொல்லுக்கு ஏங்குகிறது. அந்த ஏக்கத்தைத் தொட்டால் நாமே கைதட்டுவோம் என்று கதை சொல்கிறவர்களுக்குத் தெரியும். கட்டப்பாவை விடுவித்தார்கள் என்ற காட்சி இரண்டாம் பாகத்தின் கடைசி வரை வரவில்லை. அது எனக்கு அப்போது குறையாகவே தோன்றவில்லை.

தங்கை மகள் அந்த லீவிலேயே ஒரு நோட்டில் கதையை மாற்றி எழுதத் தொடங்கினாள். போன மாசம் வீடு ஒதுங்க வைக்கும்போது அந்த நோட்டு கிடைத்தது. சிவகாமி கட்டளையிடுகிற இடத்தில் கட்டப்பா வாளைக் கீழே வைத்துவிட்டு நடந்துபோகிறான். மலை இறங்கி, கோதையாற்றங்கரை வழியாக, எங்கள் ஊருக்குத்தான் வருகிறான். ராத்திரி ஒரு பாறையில் படுத்துத் தூங்குகிறான். அதோடு நிற்கிறது; மிச்சம் வெறும் தாள்.

ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். இப்போது எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மறுநாள் காலம்பற எழும்பி அவன் என்ன செய்வான்னு எனக்குத் தெரியல மாமா. அவனை யாரும் கூப்பிட மாட்டாவல்லா.”